கஞ்சித் தொட்டி நியாயம்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இந்த பெஞ்சிலேயே உட்காருங்கள். அம்மாவைக் கொண்டுவந்திருக்கிறீர்களா? எந்தப் பக்கம் விழுந்தது? வலதா? அப்படியென்றால் பேச்சும் போயிருக்குமே. எனக்குத் தெரியும் தம்பி. இந்த வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து நானும் பாதி டாக்டராகிவிட்டேன்.

அதோ, கதவுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருக்கிறாளே, அவள் என் மனைவி. சீனியம்மாள். அவளுக்கும் வலது பக்கம்தான். சக்கரத்தைப் பூட்டிப் போட்டிருக்கிறேன், உருளாது. நாம் சத்தமாகவே பேசலாம். அவள் காதில் விழும், புரியாது.

உள்ளே என்ன ஓட்டமும் நடையும் என்று பார்க்கிறீர்கள். ஒருவனுக்கு வலிப்பு. அருளப்பன் என்று பெயர். பஸ் ஸ்டாண்டு எதிரில் பரோட்டா மாஸ்டர். அவனுக்கும் வாதம் வந்து வலது கை விழுந்து, எங்களோடுதான் இங்கே வந்துகொண்டிருந்தான். காலையில் உடற்பயிற்சி அறையில் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். வலிப்பு இன்னும் நிற்கவில்லையாம். டாக்டரம்மா ஏற்கெனவே வெளியே வந்து எல்லோரையும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுபடி வருவார். வரட்டும்.

என் முகத்தை அப்படிப் பார்க்காதீர்கள். அதில் ஒன்றும் எழுதியிருக்காது. பெரிய பெரிய அதிகாரிகள் படித்துப் பார்த்துத் தோற்ற முகம் இது.

என் பெயர் வெயிலுமுத்து. உங்கள் வயதுக்குத் தெரிய நியாயமில்லை. உங்கள் அப்பாவைக் கேட்டால் தெரியும். மில் வாசலில் நான் நின்று பேசினால் ரோட்டில் போகிற பஸ் நின்றுவிட்டுப் போகும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு சரி. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. முதலில் படித்தேன், பிறகு எழுதினேன், பிறகு எழுதியதற்காக ஜெயிலுக்குப் போனேன். அதனால்தான் என் பேச்சு இப்படி அச்சடித்த மாதிரி வரும். சீனியம்மாள் கிண்டல் பண்ணுவாள். "வீட்டுக்குள்ள யாருக்கு மைக்கு வச்சிருக்கு?" என்பாள். பேச்சு இருந்தபோது.

லாக்கப்பில் என்னைத் தொங்கவிட்டுக் கேட்டார்கள், கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று. ஒரு பெயர் வாங்க முடியவில்லை. ஒரு பெயர். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மில்லை மூடிவிட்டார்கள், சங்கம் மூன்றாக உடைந்தது, எங்கள் ஆபீஸ் இருந்த இடத்தில் இன்று செல்போன் கவர் விற்கிறான். கூட நின்றவனெல்லாம் காரில் போகிறான். நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஆனால் என் வாயிலிருந்து ஒரு பெயர் போனதில்லை.

உங்களையும் அந்த மாத்திரை ஆராய்ச்சியில் சேரச் சொல்லியிருக்கிறார்களா? கையெழுத்துக் கேட்டார்களா? அதைத்தான் சொல்ல வந்தேன்.

டாக்டரம்மா பெயர் நிலோஃபர். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துத் தமிழில்தான் சொன்னார். "வாதம் வந்ததுக்கு அப்புறம் மூளையும் கை காலும் மறுபடி பேசிக்கணும். அதுக்கு முக்கியம் பயிற்சி. அதோட சேர்த்து ஒரு மாத்திரை குடுத்தா சீக்கிரம் தேறுவாங்களா, யோசனையும் தெளியுமான்னு பாக்குறோம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்குற வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

நான் எழுந்தேன். எழுந்து பேசிப் பழகிய உடம்பு. "அதென்ன டாக்டரம்மா நியாயம்? பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவா? மாவு வாங்குறவன் என்ன பாவம் பண்ணினான்?" என்றேன்.

"ஐயா, அந்த மாத்திரை வேலை செய்யுதான்னே இன்னும் தெரியாது. கெடுதல் பண்ணாலும் பண்ணலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. மாவு வாங்குறவங்க எதையும் இழக்கல."

இழக்கவில்லையாம்! தம்பி, எந்த முதலாளியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். போனஸ் கேட்டபோது எங்களிடம் இதே வார்த்தையைச் சொன்னார்கள். வேலை செய்யாத மருந்தை எவனாவது பாட்டிலில் அடைத்து எண் போட்டுப் பூட்டி வைப்பானா? நீங்களே சொல்லுங்கள்.

வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவளைப் பாருங்கள். சட்டை ஊக்கு மாட்ட முடியவில்லை. வாயில் போட்ட சோறு வலது கன்னத்துக்குள்ளேயே தங்கிவிடும், நான் விரலை விட்டு வழித்து எடுக்க வேண்டும். வலது கை விரல்கள் மடங்கி, எதையோ பிடித்துவைத்த மாதிரி கிடந்தன. அந்தக் கை நிமிரணும் தம்பி. எனக்கு வேறொன்றும் வேண்டாம். சேர்ந்தோம்.

மாவு மாத்திரை இவளுக்கு விழுந்திருந்தால் என்ன செய்வது என்ற எண்ணம் மட்டும் போகவே இல்லை. எல்லோருக்கும் அதே எண்ணம்தான். வாசலில் டீக்கடைக்குப் பக்கத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒருத்தர் பாட்டிலை ஒருத்தர் வாங்கிக் குலுக்கிப் பார்ப்போம், மோந்து பார்ப்போம். அருளப்பனின் சம்சாரம் ஜெபமாலை இருக்கிறாளே, அவள் தன் புருஷன் பாட்டிலை வேளாங்கண்ணிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் கொடுப்பாள். மாவாக இருந்தாலும் மாதா மருந்தாக்கிவிடுவாளாம்.

அருளப்பன் ஒருநாள் அழுதுவிட்டான். "பரோட்டா வீசுற கை அண்ணாச்சி இது. வீசாட்டி நான் யாரு? கல்லுக்கு முன்னாடி நின்னாத்தான் நான் மாஸ்டரு, இல்லாட்டி சும்மா தண்டச் சோறு" என்றான். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு.

அன்றைக்குத்தான் எனக்குக் கஞ்சித் தொட்டி ஞாபகம் வந்தது.

உங்களுக்குக் கஞ்சித் தொட்டி தெரியாதே. ஸ்டிரைக் நீண்டுவிட்டால் சங்கம் அடுப்பு மூட்டும். வீட்டில் அரிசி உள்ளவன் அரிசி கொண்டுவருவான், நொய் உள்ளவன் நொய். இல்லாதவன் சும்மா வருவான். எல்லாம் ஒரே அண்டாவில் விழும். ஒரே கரண்டியால் எல்லோருக்கும் ஊற்றுவோம். யார் கொண்டுவந்த அரிசி யார் வயிற்றுக்குள் போகிறதென்று எவனுக்கும் தெரியாது. தெரியக்கூடாது. அதுதான் அதன் அழகு. அந்த அண்டா எரிந்துகொண்டிருக்கும் வரை ஒருத்தனையும் நிர்வாகத்தால் பிரிக்க முடியவில்லை.

சொன்னேன். "பாதி நிஜம், பாதி மாவு. தனித்தனியா வச்சிருந்தா பாதிப் பேரு ஏமாளி. ஒண்ணாக் கொட்டிப் பிரிச்சா ஒருத்தனும் ஏமாளி இல்ல. ஆளுக்குப் பாதியாவது உடம்புல சேரும்."

மாத்திரை வாங்கும் நாளில், சீனியம்மாளுக்குச் சாப்பாடு கொண்டுவரும் தூக்குவாளியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தேன். எல்லோரும் பாட்டிலைக் கவிழ்த்தார்கள். மூடி போட்டு நானே குலுக்கினேன். அருளப்பன் சிரித்தான். "கொத்துப் பரோட்டா மாதிரிப் போட்டுக் கொத்திட்டீங்களே அண்ணாச்சி! ரெண்டு முட்டையும் உடைச்சு ஊத்திருங்க" என்றான். வாய் கோணிக்கொண்டு சிரித்தான். மரத்தடியே சிரித்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் எனக்கு ஒரு கூட்டம் சிரித்தது தம்பி. அந்தச் சத்தம் உங்களுக்குப் புரியாது.

இதை வெளியே சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினேன். கைமேல் கை. விழுந்த கையைத்தான் மேலே வைக்க வேண்டும் என்றேன். தூக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்காரர்கள் தூக்கி வைத்தார்கள்.

சீனியம்மாள் கையை நான் தூக்கி வைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். இப்படி, வேண்டாம் என்கிற மாதிரி. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வாதம் வந்து பேச்சுப் போனவர்களுக்கு ஆமாமும் இல்லையும் மாறிப்போகும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். காபி வேண்டுமா என்றால் இல்லை என்று ஆட்டிவிட்டு டம்ளரைப் பிடிப்பாள். அப்படியென்றால் இதற்கு என்ன அர்த்தம்? சம்மதம் என்றுதானே அர்த்தம்? அதுவுமில்லாமல், வாழ்நாள் முழுக்க அவளுக்காகவும் சேர்த்து நான்தான் பேசியிருக்கிறேன். கல்யாணத்திலிருந்தே அப்படித்தான்.

என்ன கேட்டீர்கள்? வீடா? நான் உள்ளே இருந்தபோதும் மில் மூடியபோதும் வீடு எப்படியோ ஓடியது. வீட்டுக்கென்ன. அவள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிக்கான அட்டை வாங்கிவந்து ராப்பகலாக மடிப்பாள், ஒட்டுவாள். இப்போதுகூட அந்தப் பழக்கம் போகவில்லை. மூளை அடிபட்டால் பழைய காலத்துக்குப் போய்விடும் போலிருக்கிறது. நான் டீக்கடைக்குப் போய் வருவதற்குள் காலண்டர் தாளைக் கிழித்து மடியில் போட்டுக்கொண்டு, வராத அந்தக் கையால் மடித்து மடித்துக் கசக்குவாள். தாள் விழும். குனிந்து எடுப்பாள். மறுபடி மடிப்பாள். எரிச்சலாக வரும். "பைத்தியக்காரி மாதிரி என்ன இது, மாத்திரையை முழுங்கிட்டுப் பேசாமப் படு" என்று பிடுங்கிப் போடுவேன். மறுநாள் பார்த்தால் வேறு தாள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் சொன்னபடி கேட்டாள். கையில் கொடுத்தால் போதும், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தானே விழுங்குவாள். சோறு கன்னத்தில் தங்குகிறது, மாத்திரை மட்டும் ஒருநாளும் தங்கவில்லை. எது நல்லது என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். கொஞ்ச நாளில் சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்தாள். பிறகு ஒரு விரல் அசைந்தது. கட்டைவிரல். நான் கண்ணால் பார்த்தேன். கஞ்சித் தொட்டி தோற்றதில்லை தம்பி!

இரண்டாம் முறை கலந்தபோது ஒரு பெரியவர் வருவதை நிறுத்தியிருந்தார். அவர் வீட்டில் பாட்டிலை மட்டும் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பங்கு மிச்சம். யாருக்கு என்று பேச்சு வந்தது. தேவை அதிகம் உள்ளவனுக்கு அதிகம். அது நான் படித்த முதல் துண்டறிக்கையின் முதல் வரி. அருளப்பனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அருளப்பனுக்குக் கல் காத்திருக்கிறது. முழுவதையும் அவனுக்கே கொடுக்கச் சொன்னேன். என் மனைவிக்குக் கேட்டேனா? ஒன்றுகூடக் கேட்கவில்லை. இதை யாராவது எழுதுவார்களா?

சரி. காலையில் அவன் விழுந்தான்.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? இருங்கள், முழுக்கக் கேளுங்கள்.

ஆபத்து என்றால் மட்டும் யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்கலாமாம். பார்த்தார்கள். அருளப்பன் பாட்டிலில் வெறும் மாவு. டாக்டரம்மா இந்த பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை. "இவருக்கு வலிப்பு நிக்கல. பாட்டில்ல இருந்தது மாவு, அதனால வலிப்பு வேற எதனாலயோன்னு நினைச்சு அடுத்த ஊசி போடப் போறோம். ஆனா உடம்புல நிஜ மாத்திரை இருந்தா அந்த ஊசி போடக் கூடாது, மூச்சு நின்னுடும். வேற யாராவது மாத்திரை குடுத்தீங்களா? மாறிச்சா? திட்ட மாட்டேன், சொல்லுங்க."

ஜெபமாலை என்னைப் பார்த்தாள். ஜெபமாலையை நான் பார்த்தேன். சும்மா பார்த்தேன், அவ்வளவுதான்.

"இல்லைங்க டாக்டரம்மா" என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இப்போது உள்ளே அவன் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நீங்கள் என்னை என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. எனக்கு மட்டும் அவன்மேல் பாசம் இல்லையா? அண்ணாச்சி அண்ணாச்சி என்று சுற்றி வந்தவன். ஆனால் யோசியுங்கள். சொன்னால் என்ன ஆகும்? ஆராய்ச்சியை நிறுத்துவார்கள். எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள். இவளுக்கு இப்போதுதான் விரல் அசைந்திருக்கிறது. ஒருத்தனுக்காக இத்தனை பேர் கையையும் வெட்டிக் கொடுக்கச் சொல்கிறீர்களா? அதுவும் திட்ட மாட்டேன் என்று சொல்லிக் கேட்கிறார்களே, அதைத்தான் நான் நம்புவதே இல்லை. லாக்கப்பில் முதலில் டீ வாங்கிக் கொடுத்துத்தான் கேட்டான். இது அவர்கள் தொழில். அவர்களிடம் இயந்திரம் இருக்கிறது, ரத்தம் எடுக்கிறார்கள், கண்டுபிடிக்கட்டுமே! டாக்டர்கள்தானே?

ஊசி போடுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவன் இரும்பு மாதிரி உடம்பு.

நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் தம்பி. உங்களை நம்பிச் சொன்னேன். உட்காருங்கள். என் கையைத் தள்ளாதீர்கள், உங்களை ஒன்றும் பிடித்துவைக்கவில்லை, சட்டையைத்தான் பிடித்தேன்.

அங்கே என்ன?

சீனி. ஏய் சீனி. என்ன பண்ற? உக்காரு. கீழ விழுந்துருவ, உக்காரு.

இருங்கள் தம்பி, பூட்டை எடுக்கவில்லை, எப்படி... கால் பலகையைத் தானே தள்ளிவிட்டாளே. நிற்கிறாள். பார்த்தீர்களா? சுவர் இல்லை. எதையும் பிடிக்கவில்லை. நான் என்ன சொன்னேன்? நான் என்ன சொன்னேன் உங்களிடம்! நடக்கிறாள். வலது காலை இழுக்கிறாள், இழுக்கட்டும், ஊன்றுகிறாள் பாருங்கள். இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான்... சீனி, இங்க வா. இந்தப் பக்கம் வா. அது டாக்டரம்மா ரூம். சீனி!

கதவைத் தட்டுகிறாள்.

டாக்டரம்மாவே வந்துவிட்டார். "பாட்டிம்மா, நீங்க எப்படி நடந்து... யாராவது பிடிங்க!" என்கிறார். யார் பிடிக்கப் போனாலும் தள்ளிவிடுகிறாள். முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். வலது கையால், தம்பி. கட்டைவிரலும் பக்கத்து விரலும். தீப்பெட்டி மடிக்கிற மாதிரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவ்வளவு கவனமாக அவள் ஒரு முடிச்சை அவிழ்த்து நான் பார்த்ததில்லை.

மாத்திரை. அவ்வளவும் மாத்திரை. டாக்டரம்மா உள்ளங்கை நிறைய.

நான் கொடுத்தது. நாள் தவறாமல் நான் அவள் கையில் வைத்தது.

"இதெல்லாம் சாப்பிடலையா நீங்க? ஏன்மா?"

"எ... என்னுது. இல்ல."

கேட்டீர்களா? பேசுகிறாள்.

"பின்ன யாருது?"

"எல்லாம்... கொட்டி... ஒண்ணா." மூச்சு வாங்குகிறது அவளுக்கு. அந்தக் கோணிய வாயை இழுத்து இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். "பரோட்டா... தம்பிக்கி... நெறய."

டாக்டரம்மா திரும்பினார். "சிஸ்டர்! அருளப்பன் ஊசியை நிறுத்துங்க! போடாதீங்க, நிறுத்துங்க!" வராந்தா முழுக்க அந்தச் சத்தம். உள்ளே ஏதோ தட்டு கீழே விழுந்தது. ஜெபமாலை கத்துகிறாள். போட்டுவிட்டார்களா, போடவில்லையா? உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா அங்கிருந்து?

போடவில்லை போலிருக்கிறது. போடவில்லை.

எங்கள் மில்லில் ஸ்டிரைக்கை உடைத்துவிட்டு வேலைக்குப் போகிறவனுக்கு ஒரு பேர் உண்டு. கருங்காலி. அவன் வீட்டில் நாங்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம், சாவுக்குப் போக மாட்டோம். லாக்கப்பில் வாங்க முடியாத பெயரை, என் வீட்டுக்குள் இருந்தே... என் சோற்றைத்...

இல்லை. என் சோறு என்று சொல்ல முடியாது. அது வேறு விஷயம்.

ஆனால் தம்பி, எனக்கு ஒன்று புரியவில்லை. அவ்வளவு மாத்திரையும் அங்கே டாக்டரம்மா கையில் இருக்கிறதே. ஒன்றுகூட அவள் விழுங்கவில்லையே. அப்படியென்றால் எதைத் தின்று எழுந்தாள்?

டாக்டரம்மா மறுபடி அவளிடம்தான் குனிகிறார். "யாரும்மா? யாரு கலந்தது? சொல்லுங்க, பயப்படாதீங்க."

நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். என்னை மறைக்காதீர்கள், தேவையில்லை. பார்க்கட்டும்.

கையைத் தூக்குகிறாள். வலது கை. தோள் வரைக்கும் வருகிறது. ஆடுகிறது, ஆனால் இறங்கவில்லை. விரல் ஒவ்வொன்றாக மடங்கி, ஒன்று மட்டும் நிற்கிறது. என்னைப் பார்த்து நிற்கிறது. வராந்தாவில் இருக்கிற எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

அந்த விரலை நிமிர்த்தத்தான் தம்பி நான் இத்தனையும் செய்தேன். பாருங்கள், எவ்வளவு நேராக நிற்கிறது.